தேதி தெரியலைன்னா ஒண்ணாந்தேதி

“ஒண்ணாந்தேதி பொறந்தேன்னு நான் எப்ப சொன்னேன்? உன் புருஷன்ல சொன்னான்.”

கேரட்ட நறுக்கிக்கிட்டே சியானா இத சொன்னாங்க. ரொம்ப சாதாரணமா. குழம்புல உப்பு கம்மின்னு சொல்ற மாதிரி.

முட்டைக்கோஸ கழுவிக்கிட்டு இருந்த ஜோவெலின் குழாய மூடினா. “அப்ப இன்னிக்கு உங்க பிறந்தநாள் இல்லையா, இனாங்?”

“ஜூன்ல பொறந்தேன். அதுல சந்தேகம் இல்ல. எங்கம்மா வலியில படுத்துக் கெடந்தப்ப வெளிய அந்தோணியார் திருவிழா பேண்டு சத்தம் கேட்டுச்சாம். மருத்துவச்சி ஜன்னல் வழியா ஊர்வலத்த எட்டி எட்டிப் பாத்துக்கிட்டேதான் என்னைப் புடிச்சாளாம். அந்தோணியார் திருவிழா என்ன ஒண்ணாந்தேதியா வருது?”

“பதிமூணு.”

“அப்ப பதிமூணோ, அதுக்கு முந்தின நாளோ. சீனியர் சிட்டிசன் கார்டு எடுக்கறப்ப அந்த கவுன்ட்டர் பொண்ணு தேதி கேட்டுச்சு. தெரியாதுன்னேன். நான்டே யோசிக்கக்கூட இல்ல, ஒண்ணுன்னு எழுதிட்டான். அன்னிலேருந்து நீங்க கேக் வாங்கறீங்க, நான் ஊதறேன்.” ஒரு கேரட் துண்ட எடுத்து வாயில போட்டுக்கிட்டாங்க. “ஒண்ணுன்னு எழுதிட்டா ஒண்ணாந்தேதி பொறந்துருவேனா, சொல்லு. திருவிழாவே இன்னும் வரல, அதுக்குள்ள புள்ள வந்துருச்சா?”

ஜோவெலின் சிரிச்சா. சிரிச்சு முடிக்கறதுக்குள்ள அவ கண்ணு ரூம்ல தெறந்து வெச்சிருந்த லேப்டாப் பக்கம் திரும்புச்சு.

ஏன்னு சொல்றேன், இருங்க. போன வாரக் கதைய விட்டவங்களும் சேந்து வந்துடட்டும்.

மரிக்கினாவுல ஆத்தோரமா இருக்கற இந்த வீட்டுல இப்ப ரெண்டே பேரு. ஜோவெலினும், ‘இனாங்’னு, அதாவது அம்மான்னு, அவ கூப்பிடற மாமியார் சியானாவும். புருஷன் ரெனான்டே, வீட்டுல கூப்பிடறது நான்டே, தூரத்து ஊரான பத்தாங்காஸ்ல ஒரு ரூம் எடுத்துக்கிட்டுப் போய் ரெண்டு வருஷம் ஆச்சு. அம்மாவையும் கூப்பிட்டான். “நீ போறதுன்னா போ, எனக்கு இங்க அடுப்பு பழகிடுச்சு”ன்னு சொல்லிட்டு மருமக கூடவே நின்னுட்டாங்க. ஊர்ல இது பெரிய பேச்சு. புருஷன் பொண்டாட்டிக்குள்ள சண்டை எதுவும் கெடையாது. சண்டைன்னு ஒண்ணு இருந்திருந்தா சமாதானம்னு ஒண்ணாவது இருந்திருக்கும். நம்ம தீவு நாட்டுச் சட்டத்துல டைவர்ஸும் இல்ல, அதனால பேப்பர்ல எல்லாம் அப்படியே இருக்கு. போன வாரக் கதைக் கடைசில, அம்மா பிறந்தநாளுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வரேன்னு அவன்கிட்டேருந்து மெசேஜ் வந்துச்சு இல்ல? அந்த நாள்தான் இன்னிக்கு.

இப்ப அந்த லேப்டாப்.

“என் மருமக மருந்து கம்பெனிக்குக் கணக்கு எழுதுது”ன்னு சியானா அக்கம்பக்கத்துல சொல்லுவாங்க. பாதி சரி. புதுசா ஒரு மருந்து வருதுன்னா அத நிறைய பேருக்குக் கொடுத்துப் பாப்பாங்க. பாதி பேருக்கு நெஜ மாத்திரை, பாதி பேருக்கு வெறும் மாத்திரை. யாருக்கு எதுன்னு கடைசி வரைக்கும் டாக்டருக்கே தெரியாது. பல நாட்டு ஆஸ்பத்திரிலேருந்து விவரம் மலையா வந்து குவியும். யாருக்கு என்ன ஆச்சு, மாத்திரை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியான்னு அதுலேருந்து டேபிள் போடற புரோகிராம எழுதறவதான் ஜோவெலின். சீனியர். அந்த மருந்து வெளிய வரலாமா வேணாமான்னு முடிவு பண்றவங்க கையில கடைசில இருக்கப் போறது அவ டேபிள்.

அதுல ஒரு விதி இருக்கு. முக்கியமான ஒவ்வொரு டேபிளையும் ரெண்டு பேரு தனித்தனியா எழுதணும். ஒருத்தர் எழுதினத இன்னொருத்தர் பாக்கக் கூடாது. எப்படி எழுதினேன்னு கேக்கவும் கூடாது. எல்லாம் முடிஞ்சதும் ரெண்டு விடையையும் கம்ப்யூட்டர் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒப்பிடும். ஒரு புள்ளி மாறினாலும் காட்டிக் கொடுத்துடும். பொருந்தலைன்னா மட்டும்தான் ரெண்டு பேரும் உக்காந்து பேசலாம், எது சரின்னு முடிவு பண்ணலாம். பொருந்துச்சுன்னா பேச்சே தேவையில்ல. ரெண்டு ஜோடிக் கண்ணு தனித்தனியா பாத்து ஒரே விடை வந்தா அது சரியாத்தானே இருக்கணும்?

ஜோவெலினுக்கு அந்த ரெண்டாவது ஜோடிக் கண்ணு ரெனான்டே.

ஆபீஸ்ல இது யாருக்கும் தெரியாது. அவ அப்பா குடும்பப் பேர்லயே வேலைக்குச் சேந்தவ, கல்யாணத்துக்கு அப்புறமும் மாத்தல. யாரும் கேக்கவும் இல்ல. ஆள் ஒதுக்கறவங்க எங்கேயோ கடல் தாண்டி இருக்காங்க. இந்த ரெண்டு பேரப் போட்டா எல்லாம் பொருந்துது, நேரத்துக்கு முடியுதுன்னு பாத்துப் பாத்து ஒவ்வொரு மருந்துக்கும் இவங்களையே ஜோடியா போட்டாங்க. கல்யாணத் தரகன்கூட இவ்வளவு பிடிவாதமா இருக்க மாட்டான்.

ஒரே வீட்டுல இருந்தப்ப ரெண்டு பேரும் சாப்பாட்டு மேஜையில லேப்டாப்ப முதுகுக்கு முதுகா வெச்சுக்கிட்டு உக்காருவாங்க. நேர்மையா இருக்கணும்ல. அவன் பெருமூச்சு விட்டா இவ ஏன்னு கேக்க மாட்டா. இவ தலைல கைய வெச்சா அவன் என்னன்னு கேக்க மாட்டான். வேலை நேரத்துக்குன்னு வெச்சுக்கிட்ட பழக்கம் மெல்ல சாப்பாட்டு நேரத்துக்கு வந்துச்சு. அப்புறம் ஞாயித்துக்கிழமைக்கு வந்துச்சு. ஒரு நாள் காலைல அவன் பைய எடுத்தான். அப்பவும் அவ ஏன்னு கேக்கல.

மிச்சம் இருக்கறது ஒண்ணே ஒண்ணுதான். தினமும் வேலை முடியறப்ப ஆபீஸ் குறிப்புப் பக்கத்துல அவன்கிட்டேருந்து ஒரு வார்த்தை வரும். ‘பொருந்துது.’ இவ ‘நன்றி’ன்னு போடுவா. முடிஞ்சுது. போன மழைக்காலத்துல ஒரே ஒரு தடவை, ‘பொருந்துது. அங்க மழையா?’ன்னு வந்துச்சு. தணிக்கைக்கு வரவங்க படிக்கற பக்கம் அது, ஒரு எழுத்தக்கூட அழிக்க முடியாது. ஜோவெலின் ஜன்னலப் பாத்தா. ஊத்திக்கிட்டு இருந்துச்சு.

‘நன்றி’ன்னு போட்டா.

“அடுப்பக் கொஞ்சம் பாத்துக்கங்க இனாங், ஒரு நிமிஷத்துல வரேன்.”

“உன் ஒரு நிமிஷம் எனக்குத் தெரியாதா? நூடுல்ஸ் கொழைஞ்சு கஞ்சியாயிடும். பிறந்தநாள் நூடுல்ஸ் நீளமா இருந்தாத்தான் ஆயுசு நீளம். அப்புறம் நான் சீக்கிரம் போயிட்டேன்னு அழாத.”

ஜோவெலின் ரூமுக்குள்ள போய் கதவச் சாத்தினா. ஸ்க்ரீன்ல அந்த டேபிள் அப்படியே தெறந்து இருந்துச்சு. ‘மாத்திரை ஆரம்பித்த பிறகு வந்த கல்லீரல் கோளாறுகள்.’ இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள எல்லா டேபிளும் மருந்துக்கு அனுமதி கொடுக்கறவங்களுக்குப் போயிடணும்.

நோயாளிங்க எல்லாரும் தேதி ஞாபகம் வெச்சுக்கறதில்லை. யாரு வெச்சுப்பா? ‘மார்ச்சுல வயித்து வலி வந்துச்சு டாக்டர், தேதி தெரியல’ம்பாங்க. ஆனா முன்னாடியா பின்னாடியான்னு கம்ப்யூட்டர் பாக்கணும்னா அதுக்கு ஒரு தேதி வேணும். ஜோவெலின் புரோகிராம் அந்த எடத்துல என்ன பண்ணுதுன்னு பாத்தா. அவளுக்கு ஏற்கனவே தெரியும், இருந்தாலும் பாத்தா.

தேதி தெரியலைன்னா ஒண்ணாந்தேதி.

அது அவ மொத மொதல்ல வேலை கத்துக்கிட்ட கம்பெனியோட வழக்கம். மக்காத்தி ஊர்ல, ஏசி சரியா வேலை செய்யாத ஒரு ரூம்ல, பக்கத்து சீட்ல ரெனான்டேவும் அதையேதான் கத்துக்கிட்டான். அது அப்படியே கையில ஒட்டிக்கிச்சு. அவன் அம்மா கார்டு வரைக்கும் ஒட்டிக்கிச்சு.

இந்த மருந்துக்கு விதி வேற. கணக்க எப்படிப் போடணும்னு சொல்ற திட்டத்துல தெளிவா எழுதியிருக்கு. கோளாறு வந்தது மாத்திரை ஆரம்பிச்ச அதே மாசமா இருந்து நாள் தெரியலைன்னா, மாத்திரை ஆரம்பிச்ச நாளையே வெக்கணும். ஏன்னா சந்தேகம் வந்தா அது மருந்து மேல இருக்கணும், நோயாளி மேல இல்ல. அவ அத படிச்சிருக்கா. கையெழுத்துக்கூட போட்டிருக்கா. தெரிஞ்ச விஷயம்தானேன்னு கண்ணு வழுக்கிட்டுப் போயிருக்கு, அவ்வளவுதான்.

அவ தேடிப் பாத்தா. மூணு பேரு கெடச்சாங்க. பேரு கெடையாது, நம்பருதான். மூணு பேருக்கும் கல்லீரல். அதுல ஒருத்தரு மார்ச் ஒம்போதாந்தேதி மொத மாத்திரை போட்டிருக்காரு. கண்ணு மஞ்சளானது ‘மார்ச், தேதி தெரியல’. ஜோவெலின் புரோகிராம் அத மார்ச் ஒண்ணுன்னு எடுத்துக்கிச்சு. மாத்திரைக்கு முன்னாடியே வந்தது, மருந்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லன்னு டேபிள்லேருந்து தூக்கிடுச்சு.

திருவிழாவே வரல, அதுக்குள்ள புள்ள.

அந்த நம்பருக்குப் பக்கத்துல நர்ஸ் ஒரு குறிப்பு எழுதியிருந்தாங்க. ‘கண் மஞ்சளாக இருப்பதாக மனைவி சொன்னார்.’ அவ்வளவுதான். எந்த நாட்டு ஆளோ. சாப்பிடறப்ப எதிர்ல உக்காந்து அவர் கண்ணப் பாக்கறதுக்கு ஒருத்தி இருந்திருக்கா. ஜோவெலின் அந்த வரிய ரெண்டு தடவை படிச்சா. அப்புறம் எதுக்குன்னு தெரியாம, அணைஞ்சிருந்த செல்போன் கண்ணாடியில தன் கண்ணப் பாத்துக்கிட்டா.

சரி, தப்பு இவளோடது. ரெண்டாவது ஜோடிக் கண்ணு எங்க போச்சு? அங்கதான் இருக்கு விஷயமே. ஒப்பீட்டுப் பக்கத்தத் தெறந்தா. ‘ரெண்டும் ஒண்ணுதான். ஒரு வித்தியாசமும் இல்ல.’ அவனும் ஒண்ணாந்தேதின்னுதான் போட்டிருக்கான். யாரையும் பாக்காம, யாரையும் கேக்காம, முழு நேர்மையா, ரெண்டு பேரும் ஒரே தப்ப செஞ்சிருக்காங்க.

இந்த டேபிள் போன மாசமே பாஸாகி, பாதுகாப்பக் கவனிக்கற குழு வரைக்கும் போயாச்சு. பாஸானத திரும்பத் தெறக்கணும்னா காரணம் எழுதணும். ‘கவனக்குறைவு’ன்னு ஒரு வார்த்தை எழுதினா போதும். இந்த ஒரு டேபிள மட்டும் திருத்துவாங்க, முடிஞ்சுது.

அதவிட சுலபமா இன்னொரு வழியும் இருந்துச்சு. இன்னும் கொஞ்ச நேரத்துல ஆள் இங்க வரப் போறான். பொரிச்ச லும்பியாத் தட்ட நீட்டறப்ப காதோட சொன்னா போதும், நான்டே, அந்த ஒண்ணாந்தேதிய மாத்திடு. ரெண்டு பேரும் மாத்திடலாம். மறுபடி பொருந்திடும்.

ஆனா மத்த டேபிளெல்லாம்? இதுக்கு முன்னாடி அவங்க ஜோடியா செஞ்ச மருந்தெல்லாம்? எல்லாத்தையும் ரெண்டு ஜோடிக் கண்ணு பாத்ததா உலகம் நெனச்சுக்கிட்டு இருக்கு. பாத்தது ஒரு ஜோடி. அத ஒருத்தர் சொன்னாத்தான் வேற ஆள் வெச்சு திரும்பப் பாப்பாங்க. அத சொன்னா அப்புறம் அவங்க ரெண்டு பேரையும் ஒரே வேலையில போடவே மாட்டாங்க.

வேலை போகுமோ என்னவோ, அது வேற பயம். அவளுக்கு வேற ஒண்ணு தோணுச்சு. நாளைக்கு சாயங்காலம் அந்தப் பக்கத்துல யாரோ ஒருத்தங்க ‘பொருந்துது’ன்னு எழுதுவாங்க. அவன் எழுத மாட்டான்.

ரெனான்டே வந்தப்ப மணி பன்னெண்டு தாண்டியிருந்துச்சு. கையில ஒரு பொட்டலம் பராகோ காப்பித்தூள், வாசம் தெருவுக்கே அடிச்சுது. செருப்ப வாசல்ல விட்டுட்டு, குனிஞ்சு ஆசீர்வாதத்துக்கு அம்மா கைய எடுத்து நெத்தியில வெச்சுக்கிட்டான். சியானா அவன் கன்னத்த ஒரு தட்டு தட்டி, பத்தாங்காஸ்ல சோறு விக்கறதில்லையான்னு கேட்டாங்க. ஜோவெலினப் பாத்து தலைய ஆட்டினான். இவளும் ஆட்டினா. பைய கதவோரமா வெச்சான். உள்ள கொண்டு போகல.

அவன் சட்டையில நடுப்பட்டன் வேற கலரு. அவனே தெச்சிருக்கான் போல.

சாப்பாட்டுல சியானாதான் பேசினாங்க. பக்கத்து வீட்டுல காலைலேருந்தே வீடியோகேங்கற பாட்டு மெஷின் ஓடிக்கிட்டு இருந்துச்சு. பாடறவன் எவ்வளவு கேவலமா பாடினாலும் மெஷின் தொண்ணூறுக்கு மேலயே மார்க் போடுது, அதுக்கு காது இருக்கா வயிறு இருக்கான்னு திட்டினாங்க. கேக்குல பேர ‘சினா’ன்னு எழுதியிருந்தத ரெனான்டேவுக்குக் காட்டினாங்க. “பேரும் தப்பு, தேதியும் தப்பு. யாரோ ஒரு சினாவுக்கு வாங்கின கேக்க நான் திருடித் திங்கறேன்”ன்னாங்க. அப்படியே திருவிழாக் கதைய முழுசா திரும்பச் சொன்னாங்க. பேண்டு, ஊர்வலம், ஜன்னல்ல எட்டிப் பாத்த மருத்துவச்சி. திருவிழாவே வரல, அதுக்குள்ள புள்ள.

ரெனான்டே முள்கரண்டி வாய்க்குப் பாதி வழியில நின்னுச்சு. நூடுல்ஸ் தொங்கிக்கிட்டு இருந்துச்சு.

“என்னடா, முடி கெடக்கா?”

“இல்ல இனாங்.” அவன் அத வாயில போட்டு மென்னான். ரொம்ப நேரம் மென்னான்.

ஜோவெலின் பாத்துக்கிட்டே இருந்தா. அம்மா பிறந்தநாள இத்தனை வருஷமா தப்பா கொண்டாடிட்டோமேங்கற வருத்தமா? இல்ல அவனுக்கும் அந்த டேபிள் ஞாபகம் வந்துச்சா? கேட்டுடலாம். நாலடி தூரத்துலதான் உக்காந்திருக்கான். கேக்கக் கூடாது. அவளுக்குப் பழக்கமான எடம்தான் அது, கேக்கலாமுக்கும் கேக்கக் கூடாதுக்கும் நடுவுல இருக்கற எடம்.

தட்டெல்லாம் அவன்தான் துடைச்சான். முன்னாடியெல்லாம் அப்படித்தான், இவ கழுவுவா, அவன் துடைப்பான்.

“ஜோவ்.”

“ம்.”

“ஒண்ணு சொல்லணும்.”

“வேலை விஷயமா இருந்தா வேணாம்.”

அவன் துடைச்ச தட்டையே எடுத்து மறுபடி துடைச்சான். “வேலை விஷயமா, இல்லையான்னு எனக்கே தெரியல.”

“அப்ப தெரிஞ்சப்புறம் சொல்லு.”

சொல்லிட்டாளே தவிர, அடுத்த நொடியே நாக்கக் கடிச்சுக்கிட்டா. ஒருவேளை வேலை விஷயமா இல்லாம இருந்திருந்தா? ஆனா அவன் தட்ட அடுக்கிட்டான். கொஞ்சம் ஆபீஸ் வேலை இருக்கு, முடிச்சுட்டுக் கெளம்பறேன்னு ஹால்ல போய் லேப்டாப்பத் தெறந்தான்.

சியானா ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தாங்க. அப்புறம் மிச்ச கேக்க ஒரு தட்டுல வெச்சு மூடி எடுத்துக்கிட்டாங்க. “நீங்க ரெண்டு பேரும் கட்டிக்கிட்டது அந்தப் பொட்டியத்தான். நான் சும்மா சாட்சிக் கையெழுத்து போட்டிருக்கேன். போய் பக்கத்து வீட்டுக் கழுதைப் பாட்டாவது கேக்கறேன், அதுல மனுஷச் சத்தம் இருக்கு.” கதவு பின்னாடி படார்னு சாத்திக்கிச்சு.

ஜோவெலின் தன் ரூமுக்குப் போனா. நடுவுல ஒரு கதவு, பாதி சாத்தியிருக்கு. அந்தப் பக்கம் அவன் தட்டற சத்தம் கேட்டுச்சு. மக்காத்தி நாள்லேருந்தே அவன் கீபோர்ட அடிக்கிற அடி அது, ஆணி அடிக்கற மாதிரி. இவ தட்ட ஆரம்பிச்சா. இவ நிறுத்தினா அவனும் நிறுத்தின மாதிரி இருந்துச்சு. அவன் நிறுத்தினப்ப இவ விரலும் நின்னுச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு ஒரே கூரைக்குக் கீழ இருக்காங்க. வீடு முழுக்க ரெண்டு கீபோர்டு, ஒரு பேச்சு கெடையாது.

ரிப்போர்ட்ல அந்த மூணு நோயாளி நம்பரையும் எழுதினா. திட்டத்துல இருக்கற விதிய எழுதினா. தான் என்ன பண்ணினான்னு எழுதினா. அதெல்லாம் கை தானா எழுதிடுச்சு. கடைசில ‘காரணம்’ங்கற கட்டம் வந்துச்சு. கர்சர் கண்ண சிமிட்டிச் சிமிட்டி நின்னுச்சு.

‘கவனக்குறைவு’ன்னு அடிச்சா. அந்த வார்த்தையக் கொஞ்ச நேரம் பாத்தா. கண்ணு மஞ்சளா இருக்குன்னு சொன்ன அந்தப் பொண்டாட்டி ஞாபகம் வந்துச்சு. அவ பாத்தா, அதனால சொன்னா. பாத்தவ சொல்லணும். அவ்வளவுதானே.

அழிச்சுட்டு எழுதினா:

‘நானும் ஒப்பிட்டவரும் ஒரே இடத்தில் வேலை கற்றோம். நாங்கள் கணவன் மனைவியாக இருக்கிறோம். தேதி தெரியவில்லை என்றால் ஒன்று என்று யோசிக்காமல் எழுதுவது எங்கள் இருவருக்கும் பழக்கம். இது இரண்டு ஜோடிக் கண் இல்லை, ஒரு ஜோடி. நாங்கள் சேர்ந்து செய்த அனைத்தையும் வேறு ஆள் பார்க்க வேண்டும்.’

திரும்பப் படிச்சா. தணிக்கைக்கு வரவங்க படிக்கற பக்கம், எழுதறது உண்மையா இருக்கணும். கதவு இடுக்கு வழியா வாசல் தெரிஞ்சுது. அவன் பை இன்னும் அங்கயே நின்னுக்கிட்டு இருந்துச்சு, கெளம்பறதுக்குத் தயாரா.

‘இருக்கிறோம்’ங்கறத அழிச்சா. ‘இருந்தோம்’னு மாத்தினா.

அனுப்பினா.

அந்தப் பக்கமும் கீபோர்டு சத்தம் நின்னிருந்துச்சு. எப்ப நின்னுச்சுன்னு அவ கவனிக்கல.

கொஞ்ச நேரத்துல போன் அடிச்சுது. மேம் பெர்லிட்டா. தகிக் ஊர்ல இருக்கற ஆபீஸ்ல இந்த மருந்தோட கணக்கு மொத்தத்துக்கும் அவங்கதான் பொறுப்பு. குரல் உசத்தாத மனுஷி, அதனாலயே எல்லாருக்கும் பயம். இன்னிக்கும் உசத்தல. டேபிள நிறுத்தியாச்சு, பாதுகாப்புக் குழுவுக்கு சொல்லியாச்சு, மூணு பேரையும் டாக்டருங்க பாக்கறாங்கன்னு சொன்னாங்க. உங்க ரெண்டு பேரு மேலயும் கோவமா இருக்கேன், அத நாளைக்கு வெச்சுக்கலாம்னாங்க. இனிமே ஒரே வேலையில ரெண்டு பேரும் இருக்கப் போறதில்ல, அதுவும் இன்னிலேருந்துன்னாங்க.

ஜோவெலின் சரின்னா. தெரிஞ்சதுதான். இருந்தாலும் கட்டில் விளிம்ப கெட்டியா புடிச்சுக்கிட்டா. அப்புறம்தான் அந்த ‘உங்க ரெண்டு பேரு’ காதுல உறைச்சுது.

“மேம், அவர்கிட்ட நீங்க பேசியாச்சா?”

“பேசல. அவரும் ஒரு ரிப்போர்ட் அனுப்பியிருக்காரு. உன்னோடது வரதுக்கு ஒரு மூச்சு முன்னாடி.” பெர்லிட்டா பேப்பரப் புரட்டற சத்தம் கேட்டுச்சு. “ரெண்டு பேரும் சேந்து எழுதினீங்களா?”

“இல்ல மேம்.”

“இதப் பத்திப் பேசிக்கிட்டீங்களா?”

“நாங்க பேசறதில்ல மேம்.”

பக்கத்து வீட்டுல எவனோட பாட்டோ முடிஞ்சு மெஷின் கைதட்டுச்சு.

“ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தேன்.” பெர்லிட்டா குரல் கொஞ்சம் எறங்கியிருந்துச்சு. “நம்பர் பொருந்துது. விதி பொருந்துது. காரணம்கூட கிட்டத்தட்ட வரிக்கு வரி பொருந்துது. ஒரு ஜோடிக் கண்ணுன்னு அவரும் எழுதியிருக்காரு. ஒரே ஒரு வார்த்தை மட்டும் பொருந்தல. நீ ‘இருந்தோம்’னு எழுதியிருக்க. அவரு ‘இருக்கிறோம்’னு எழுதியிருக்காரு.”

ஜோவெலின் பாதி சாத்தின கதவப் பாத்தா.

“ஃபைல்ல ஒண்ணுதான் வெக்க முடியும். எது சரின்னு எனக்கு இன்னிக்குள்ள தெரியணும். பொருந்தலைன்னா விதி என்னன்னு உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்ல.”

போன் கட்டாயிடுச்சு.

பொருந்தலைன்னா ரெண்டு பேரும் உக்காந்து பேசணும். அதான் விதி. இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட வந்ததில்ல.

அவ எழுந்து கதவ முழுசா தெறந்தா. ரெனான்டே லேப்டாப்ப மூடிட்டான். பைய தோள்ல மாட்டிக்கிட்டு வாசல்ல நின்னு செருப்பத் தேடிக்கிட்டு இருந்தான். தெருவுல அவன் சவாரிக்குக் கூப்பிட்டிருந்த ட்ரைசைக்கிள் வண்டி வந்து ஹாரன் அடிச்சுது. தகரக் கூரை மேல ஒண்ணு, ரெண்டு, அப்புறம் எண்ண முடியாம விழ ஆரம்பிச்சுது, இந்த வருஷத்து மொத மழை.

அவன் மேல பாத்தான். “மழையா?”

இந்தத் தடவை இத யாரும் தணிக்கை பண்ணப் போறதில்ல.

“ஆமா”ன்னா ஜோவெலின். “மழைதான், நான்டே. உள்ள வா. நம்ம ரெண்டு பேருக்கும் ஒரு எடத்துல பொருந்தல.”

அவன் ஒரு கால்ல செருப்பு போட்டிருந்தான். ஒண்ணு இன்னும் போடல. ட்ரைசைக்கிள்காரன் திரும்ப ஹாரன் அடிச்சான்.

அவளோட ‘இருந்தோம்’, அவனோட ‘இருக்கிறோம்’. ரெண்டுல ஒண்ணு தப்பு, ஒருத்தர் திருத்தித்தான் ஆகணும். நீங்களே சொல்லுங்க, யார் எழுதினத யார் அழிக்கணும்?